ரத்தம் கொடுத்த மாமா

எனக்குக் காது குத்தியது இரண்டு மாமாக்களின் மடியில். வலது காது, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி மடியில். இடது காது, எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லாத ஒரு லோரி டிரைவரின் மடியில். இந்த இரண்டாவது மாமாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பிடிக்காததைச் செய்து அவரிடம் திட்டு வாங்கவும் இனி வழியில்லை.

ஜொகூர் மாநிலத்தில், ரெங்கத்துக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ச் செம்பனை போட்டிருந்தார்கள். அவர் செம்பனைக் குலைகளை மில்லுக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டினார். பிரசவ வலி எடுத்த அம்மாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த லோரியின் முன்சீட்டில்தான். நான் பிறந்தேன். அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் வேண்டும், ஆட்களைக் கூட்டிவாருங்கள் என்றார்களாம். யாரைக் கூப்பிடுவது என்று அப்பா கையைப் பிசைந்துகொண்டு திரும்பிப் பார்த்தால், இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடுவது அவர் வழக்கம்.

கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நீட்டிய மைலோவை ஒரே மடக்கில் குடித்தார். கூட வந்த பிஸ்கட்டை அப்பாவின் சட்டைப் பையில் திணித்தார். மத்தியான லோடுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "ரத்தந்தானே, ஊறிடும்" என்றாராம். அந்த வார்த்தையைப் பிறகு எத்தனையோ முறை நானே அவர் வாயால் கேட்டிருக்கிறேன்.

அம்மா பிழைத்து வந்தாள். வந்த நாள் முதல் அவரை அண்ணன் என்றாள். சும்மா வாய்க்கு வந்த அண்ணன் இல்லை. எனக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, தாய்மாமன் மடி அவர் மடிதான் என்று சொல்லிவிட்டாள். சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த சொந்த மாமா தங்கத் தோடு வாங்கிக்கொண்டு லீவு போட்டு வந்து பார்த்தால், அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். முகம் தொங்கிப்போய்விட்டது.

"அப்ப நான் யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ பொறந்த வீட்டு உறவு. அவரு நான் பொழைச்ச உறவு" என்றாள் அம்மா.

அப்புறம் பெரியவர்கள் பேசி ஆளுக்கு ஒரு காது என்று முடிவு செய்தார்கள். அந்தப் போட்டோ இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் வாயைப் பிளந்து அழுகிறேன். என்னைப் பிடித்திருக்கும் லோரிக்கார மாமா கண்களை இறுக்க மூடிக்கொண்டிருக்கிறார். பை பையாக ரத்தம் கொடுத்த மனிதருக்கு, குழந்தையின் காதில் ஊசி இறங்குவதைப் பார்க்கத் தைரியம் கிடையாது.

எங்கள் வீட்டில் தொடங்கிய வழக்கம் தோட்டம் முழுக்கப் பரவியது. பிரசவமோ, அரிவாள் வெட்டோ, லோரி விபத்தோ, ரத்தம் என்றால் அவர் கைதான். யாருக்கும் சேரும் வகை ரத்தம் அவருடையது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் போனார். ரெங்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த சீனத் தவுக்கேக்குக்கூடக் கொடுத்திருக்கிறார். அவர் ரத்தம் வாங்கிப் பிழைத்த பெண்கள் அண்ணன் என்றார்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் மாமா என்றார்கள். கோயில் திருவிழாவில் காது குத்து நடந்தால் அவர் மடி காலியாக இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வார்.

கொடுத்தாரே தவிர வாங்கத் தெரியாது. தீபாவளிக்கு அப்பா ஒரு கோழியை அனுப்பினால், அது முட்டை போடுற கோழி, இதைப் போய் யாராவது அனுப்புவாங்களா என்று திருப்பிக்கொண்டு வந்து கட்டிவிட்டுப் போவார். வேட்டி எடுத்துக்கொடுத்தால் அது கோயில் பூசாரியின் இடுப்பில் இருக்கும். "இந்த மனுசனுக்கு வாங்குற கையே இல்ல" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். குழந்தை இல்லை. மனைவியும் பாதியில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு, அவருக்கு யாராவது எதையாவது கொடுத்தே தீரவேண்டும் என்று வீட்டில் சண்டை போட ஆளில்லாமல் போனது.

என் கல்யாணத்தில் அவரை முதல் பந்தியில் உட்காரவைக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். ஆளைக் காணோம். பார்த்தால், கடைசிப் பந்தியில், பஸ் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறார். நான் மணப்பெண் என்பதே எனக்கு மறந்துவிட்டது. கத்தினேன்.

"கடைசில சாப்புட்டாத்தான் அடி ரசம் நல்லா கெட்டியா கெடைக்கும் லா" என்றார். இப்படி ஒரு மனிதரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது. ஆனால் நான் கோபித்துக்கொண்டேன். இன்றைக்கும் அவரை நினைத்தால் முதலில் வருவது கோபம்தான், அழுகை அதற்குப் பின்னால் வருகிறது.

தோட்டத்தை விற்றார்கள். ஜனங்கள் குளுவாங், செனாய் என்று தொழிற்சாலைகளைத் தேடிக் கலைந்தார்கள். அவருக்குச் சர்க்கரை வந்து, இனிமேல் ரத்தம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொடுக்கும் ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் சி இருக்கிறதா என்று சோதித்து வாங்கும் முறை வந்தது அதற்குப் பிறகுதான். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்து, அரசாங்கச் சுகாதார அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஹெப்படைட்டிஸ் சி கிருமியை நாட்டை விட்டே ஒழிப்பது என்ற திட்டத்தில், ஜொகூரில் யாரை எப்படிச் சோதிப்பது என்று தீர்மானிக்கும் குழுவில் என்னைப் போட்டார்கள். ரத்தத்தின் வழியாகத் தொற்றும் கிருமி அது. உள்ளே புகுந்தால் வருடக்கணக்கில் வாயைத் திறக்காது. வேலைக்குப் போகலாம், பேரன் பேத்தி பார்க்கலாம், அது தன் பாட்டுக்குக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டிருக்கும். இப்போது நல்ல மாத்திரை இருக்கிறது. மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போய்விடும். மருந்து கையில் இருக்க, நோயாளிகளைத்தான் காணோம். நோய் இருப்பது அவர்களுக்கே தெரியாதே. சிறையில் பாருங்கள், போதை ஊசி போட்டவர்களைப் பாருங்கள், டயாலிசிஸ் செய்கிறவர்களைப் பாருங்கள் என்று கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். முன்காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களையும் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர்களை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டார்கள்.

செனாயில் எங்கள் தாமான் குடியிருப்பின் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசப் பரிசோதனை வைத்தோம். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கொஞ்ச நேரம் காத்திருந்தால் முடிவு தெரிந்துவிடும். மகள் நடத்துகிற காரியத்தில் கூட்டம் இருக்க வேண்டும் என்று அம்மா பக்கத்து வீட்டு ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். தாதி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்ற கேள்விக்கு அம்மா இல்லை என்றாள். பின்னால் நின்ற நான் திடுக்கிட்டேன்.

"என்னம்மா இல்லன்றீங்க? நான் பொறந்தப்ப?"

"அது அண்ணன் குடுத்தது. யாரோ எவரோட ரத்தத்தையா ஏத்துனாங்க?" என்றாள் அம்மா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். அண்ணனிடம் வாங்கியதை ஆஸ்பத்திரிக் கணக்கில் சேர்க்க அவளுக்கு மனமில்லை. தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் இதே பதிலைத்தான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்வியை மாற்றி எழுதச் சொன்னேன். உங்களுக்கு யாராவது ரத்தம் கொடுத்தார்களா, கொடுத்தவர் யார் என்று கேளுங்கள் என்றேன்.

அம்மாவின் சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. கிருமி இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

அன்று அம்மாவைக் காரில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாசலில் இறங்கும்போது சொன்னாள். "அண்ணங்கிட்டச் சொல்லாத. தாங்கமாட்டாரு."

"அவருக்கும் இருக்கும்மா. மருந்து போடலன்னா அவரு செத்துருவாரு" என்றேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரெங்கத்தில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனேன். மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோப்பி கலக்கப் போனவரை உட்காரவைத்துச் சொன்னேன். ஆளை முதலில் பயமுறுத்திவிடக்கூடாது என்று படித்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரே ஊசியைக் கொதிக்கவைத்து எல்லோருக்கும் போட்டார்களே, அதிலிருந்துகூட உங்களுக்கு வந்திருக்கலாம், அம்மாவுக்கும் அதிலிருந்தே வந்திருக்கலாம், யாருக்கு யாரால் என்று இப்போது சொல்ல முடியாது என்றேன். இது உண்மையும்கூட.

"நல்லாச் சமாளிக்கிற" என்றார். கொஞ்ச நேரம் தன் இடது முழங்கையின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை நீட்டினார். குத்திச் சோதித்தேன். இரண்டு கோடு.

அடுத்து, கையிலிருந்து ஒரு குப்பி ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும், கல்லீரலை ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கேட்டது வேறு. "நான் குடுத்தவங்கள்ல எத்தன பேரப் பாத்துட்டீங்க?"

அம்மாவை மட்டும்தான் என்றேன். எழுந்து மோட்டார் சாவியை எடுத்தார்.

அதன்பிறகு நடந்ததை எங்கள் அலுவலகத்தில் யாரும் திட்டமிடவில்லை. மோட்டாரில் ஒவ்வொரு வீடாகப் போனார். எந்த ஊருக்குக் குடிபோயிருந்தாலும் விசாரித்துப் போனார். யாருக்குக் கொடுத்தோம் என்பது அவருக்கு எப்படி நினைவிருந்தது என்று கேட்டதற்கு, என்னை மாமா என்று கூப்பிடுகிறவர்களைத்தானே தேட வேண்டும் என்றார். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொல்லிவிடுவார். "என்கிட்ட ரத்தம் வாங்கினீங்கல்ல, அதுல ஒரு நோய் இருந்துருக்கு. மருந்து இருக்கு. கெளம்புங்க, கிளினிக்குக்குப் போலாம்." சிலர் அழுதார்கள். ஒரு வீட்டில் மட்டும் கதவைச் சாத்தினார்கள். அந்த வீட்டு வாசலில் அவர்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தார். தவுக்கே தன் மகளின் காரில் வந்து சோதித்துக்கொண்டார். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு இருந்தது, இருந்தவர்களுக்கு மருந்து தொடங்கியது.

அவர் மட்டும் தன் குப்பி ரத்தத்தைக் கொடுக்க வரவில்லை. எல்லோருக்கும் பையில் கொடுத்தவருக்குத் தனக்காக ஒரு சின்னக் குப்பி கொடுக்க நேரமில்லை. கேட்டால் எல்லாரும் முடிக்கட்டும் என்பார். "மாமா, இது கல்யாணப் பந்தி இல்ல. நீங்க மாத்திர போட்டா யாருக்கும் கொறஞ்சு போயிராது" என்று போனில் கத்துவேன். "சரிலா, சரிலா" என்று வைத்துவிடுவார்.

பிறகு சிகாமட்டுக்குப் போனார். அங்கே ஒரு பெண், பிள்ளை பெற்றபோது அவருடைய ரத்தத்தில் பிழைத்தவர். போனபோது அந்தப் பெண் இல்லை. சில வருடங்களுக்கு முன்பே மஞ்சள் காமாலை வந்து, வயிறு வீங்கி இறந்துபோயிருந்தார். என்ன நோய் என்று கடைசிவரை வீட்டில் யாருக்கும் புரியவில்லையாம். மகன்தான் இருந்தான். என் வயதுக்காரன், அவர் மடியில் காது குத்திக்கொண்டவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னதை அவனே பிறகு என்னிடம் சொன்னான். "நீங்க குடுக்கலன்னா நான் பொறந்த அன்னிக்கே அம்மா செத்துருப்பாங்க மாமா. எனக்கு அம்மா இருந்தாங்க. அதுக்கு நீங்கதான் காரணம்."

எவ்வளவு பெரிய மனது அவனுக்கு. ஆனால் எங்கள் மாமா வாங்கத் தெரியாதவர். கோழியைத் திருப்பிக்கொடுத்ததுபோல அந்த மன்னிப்பையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அவன் வைத்த கோப்பியைக்கூடத் தொடவில்லையாம். அதன்பிறகு நான் போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் போனேன்.

"செத்துப்போன அந்தப் பொண்ணுக்குக் கெடைக்காத மாத்திரைய நான் எப்படிம்மா முழுங்குறது?" என்று கேட்டார். முதல் முறையாக என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

அம்மாவிடம் போய்ச் சொல்லி அழுதேன். அம்மாவுக்கு அப்போதுதான் மருந்து கொடுத்திருந்தார்கள், முதல் மாத்திரையை மறுநாள் போடவேண்டும். அம்மா அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு, என்னைக் காரை எடுக்கச் சொன்னாள். ரெங்கத்தில் அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"நீங்க ஆரம்பிக்கிற அன்னிக்குத்தான் நான் ஆரம்பிப்பேன். நீங்க போடலன்னா நானும் போடல. செத்த கணக்குல சிகாமட் பொண்ணோட என்னையும் சேத்துக்குங்க."

"தங்கச்சி, பிடிவாதம் பிடிக்காத."

"யாரோட ரத்தம்?" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் மாமா கிளினிக்குக்கு வந்து கையை நீட்டினார். குப்பி ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்து, சில வாரங்களில் இரண்டு பேரும் ஒரே நாளில் தொடங்கினார்கள். தினமும் போனில் ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு மூன்று மாதத்தையும் முடித்தார்கள். இரண்டு பேர் ரத்தத்திலும் கிருமி போய்விட்டது. அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய் அவர் பெயரிலும் அர்ச்சனை செய்தாள்.

ஆனால் அவருடைய ஸ்கேன் நன்றாக இல்லை. கல்லீரல் சுருங்கி இறுகிப்போயிருந்தது. கிருமி போனாலும் அது செய்த சேதம் அப்படியே இருந்தது. இது வருடக்கணக்கில் நடந்தது, அவர் தள்ளிப்போட்ட அந்த மாதங்கள் பெரிய வித்தியாசம் செய்திருக்காது என்று டாக்டர் சொன்னார். நானும் இதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்வேன். எனக்கே சொல்லிக்கொள்ளும்போது ஏற மாட்டேன் என்கிறது.

முடிவை நான்தான் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கல்லீரல் ஊறாதா?" என்றார்.

"இவ்வளவு ஆனப்புறம் ஊறாது மாமா" என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு தவுக்கேக்கு ஸ்கேன் எப்படி வந்தது என்று விசாரித்தார்.

ஒரு வருடம்போல ஓடியது. ஒருநாள் காலையில் பல் விளக்கும்போது ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறார். கல்லீரல் இறுகியவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வெடித்து இப்படி ஆகும். பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தார்கள். அம்மா யார் யாருக்கோ செய்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது நடைவழி முழுக்க ஆட்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், இன்னும் நிறையத் தேவைப்படும், சொந்தக்காரர்கள் ரத்த வங்கியில் கொடுத்து ஈடு செய்தால் நல்லது என்று சொன்னார்கள். சொந்தக்காரர்கள் யார் என்று தாதி கேட்டாள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். அதில் ஒருவர்கூட அவருக்குச் சொந்தமில்லை.

அம்மாதான் முதலில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் தவுக்கே, அவருக்குப் பின்னால் தோட்டத்துப் பெண்கள் சிலர். இந்த நோய் வந்தவர்கள் குணமானாலும் ரத்தம் கொடுக்கக்கூடாது. அது சரியான விதிதான், எனக்குத் தெரியும். வரிசையில் நின்றவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ரத்த வங்கியில் இருந்த மலாய்த் தாதி ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு, முடியாது என்று மெதுவாகத் திருப்பி அனுப்பினாள்.

அம்மா நகரவில்லை. "என் ஒடம்புல ஓடுறதே அவரு குடுத்ததுதான் தாயி. கொஞ்சம் திருப்பி எடுத்துக்கக் கூடாதா?" என்றாள். தாதிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்தது போலிருக்கிறது. எழுந்து வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தக் போலே, மக்சிக்" என்றாள். முடியாதும்மா என்று அவள் சொன்னபோது அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

வாங்கியவர்கள் ஒவ்வொருவராகச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள். அப்போது சிகாமட் மகன் எழுந்து வந்தான். அவனுக்குப் பின்னால் தவுக்கேயின் மகள், அப்புறம் நான், அப்புறம் பெயர் மறந்துபோன தோட்டத்து முகங்கள். எங்களுக்கு நோய் இல்லை. நாங்கள் கொடுக்கலாம். யாரும் எங்களைக் கேட்கவில்லை. எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றோம்.

கொடுத்து முடித்ததும் மைலோ கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். பிஸ்கட்டை அம்மாவின் கையில் வைத்துவிட்டு வார்டுக்குப் போனேன். முகம் வெளிறி, கண்ணைப் பாதி திறந்து படுத்திருந்தார். தலைமாட்டில் ரத்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரோடது?"

அது முகம் தெரியாத யாரோ கொடுத்தது. நாங்கள் கொடுத்தது இனிமேல்தான் சோதனைக்கே போகும். ஆனாலும் சொன்னேன். "உங்க மடியில காது குத்துனவங்களோடது மாமா."

பிறகு, மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்.

"டெஸ்ட்டு பண்ணிட்டாங்களா?"

"பண்ணிட்டாங்க மாமா. நல்ல ரத்தம்."

தலையை அசைத்தார். கையிலிருந்த ஊசியையும் குழாயையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் போட்டோவில் இருப்பதுபோலவே கண்களை இறுக்க மூடிக்கொண்டார். நான் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. தாதி வந்து பார்த்துவிட்டுக் குழாயை மூடியபோது பையில் பாதி அப்படியே இருந்தது. அதையும் அவர் முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை.